மாமாவின் வாசனைத் துப்பாக்கி

எங்கள் மாமா செய்த துப்பாக்கி ஒரு பன்றியைக்கூடச் சுட்டதில்லை. சுடாமலே அது எங்கள் சாமைக் கொல்லையைக் காப்பாற்றியது என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. நான் பெற்ற பிள்ளைகளே சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நான் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன், மோந்து பார்த்திருக்கிறேன், எனக்கு அது போதும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஜவ்வாது மலையில், காவலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு பொழுது நடந்தால் எங்கள் ஊர். எங்கள் வீடும் மாமாவின் வீடும் எதிரெதிரே இருந்தன. மாமா சாமை விதைப்பார், புளி உலுக்குவார், மீதி நேரத்தில் எதையாவது செய்துகொண்டிருப்பார். தண்ணீரில் சுற்றும் சக்கரம், குருவி விரட்டும் காற்றாடி, தானாக ஆடும் தொட்டில் என்று அவர் ஆரம்பித்தது ஏராளம். எதையும் முடித்ததாகச் சரித்திரம் இல்லை.

"உங்க தம்பி ஆரம்பிச்சதுல முடிஞ்சது எங்க கல்யாணம் ஒண்ணுதான் அண்ணி. அதுவும் எங்கப்பா கூடவே நின்னதால" என்று அத்தை அம்மாவிடம் சொல்வாள். மாமா கேட்டும் கேட்காதவர் போல உளியைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

பயிரைப் பன்றியிடமிருந்து காக்க, தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று லைசன்ஸோடு மாமாவிடம் இருந்தது. இரும்புக் குழாய் நன்றாகத்தான் இருந்தது. அதைத் தாங்கும் மரக்கட்டைதான் பிளந்துபோய்க் கம்பி சுற்றிக் கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் ஆசாரியிடம் கொடுத்து ஒரு கட்டையை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். மாமாவின் மனசில் வேறொரு துப்பாக்கி இருந்தது. அவர் சிறுவனாக இருந்தபோது மலைக்கு வேட்டையாட வந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, சுனையில் தண்ணீர் குடிக்கும் நேரத்துக்கு மட்டும் தன் ரைஃபிளை அவர் கையில் கொடுத்தாராம். துரை வாயைத் துடைப்பதற்குள் மாமா அதை ஆயுசுக்கும் பார்த்துவிட்டார். தோளில் பதிகிற இடத்தின் வளைவு, கன்னம் சாய்கிற மேடு, பிடிக்கிற இடத்தில் பாய் பின்னலைப் போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய கோடுகள், எல்லாவற்றையும் வாசல் மண்ணில் குச்சியால் எனக்கு வரைந்து காட்டுவார். "கன்னுக்குட்டி கழுத்தாட்டம் வழவழன்னு கீது பாப்பா" என்பார், துரை அப்போதுதான் எழுந்து போனவர் போல.

கட்டைக்கு மரம் வேண்டும். தாத்தாவின் பழைய வீட்டை இடித்தபோது கிடைத்த நிலைவிட்டம் ஒன்று, கரிப்புகை ஏறிக் கன்னங்கரேலென்று மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. வேங்கையாக இருக்கும் என்று மாமா அதில் மரம் செதுக்கும் வாய்ச்சியைப் போட்டார். கறுப்புச் செதில் பெயர்ந்து விழுந்ததும் உள்ளே மஞ்சளாக இருந்தது. மூன்றாவது வெட்டுக்குள் எதிர் வீட்டிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"யார் வூட்ல சந்தனம் அரைக்கிறாங்க? இன்னா விசேஷம்?"

அத்தை ஓடிவந்து ஒரு செதிலை எடுத்து மோந்தாள். முகம் வெளுத்துவிட்டது. எங்கள் மலையில் சந்தன மரம் யார் நிலத்தில் முளைத்தாலும் அது சர்க்கார் மரம். கொல்லையில் ஒரு சந்தனக் கன்று தலைகாட்டினால் பாம்பைக் கண்டது போலப் பதறுவோம். கைப்பிடிச் செதில் வைத்திருந்தவன்கூட ஜெயிலுக்குப் போயிருக்கிறான். எந்தப் பாட்டன் எந்தக் காலத்தில் அதை நிலைவிட்டமாக வைத்தானோ, யாரிடம் போய்ச் சொல்ல? சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

"அடுப்புல வெச்சிடுங்க" என்றாள் அத்தை.

"அடுப்புல வெச்சா ஊருக்கே வாசனை போவும். கை வெச்சாச்சி, விடு" என்றார் மாமா. அவர் குரலில் பயம் இருந்தது. ஆனால் கண் மரத்தை விட்டு அகலவில்லை. எதையும் முடிக்காத மனிதர் ஜெயிலுக்குப் போகக்கூடிய ஒரு காரியத்தை மட்டும் முடிப்பதென்று முடிவுசெய்துவிட்டார்.

அந்த மழைக்காலம் முழுக்க, கதவைச் சாத்திக்கொண்டு மாமா வேலை செய்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஓடிப்போய் எதிரே உட்கார்ந்துகொள்வேன். உளியால் சீவினார், அரத்தால் ராவினார், கண்ணாடிச் சில்லால் சுரண்டினார், உப்புத்தாளால் தேய்த்தார், பிடிக்கிற இடத்தில் துரையின் துப்பாக்கியில் கண்ட பாய் பின்னல் கோடுகளைக் கீறினார், கடைசியில் இலுப்பெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக் கையாலேயே நாள்கணக்கில் நீவினார். சிந்திய தூளை அத்தை ஒரு பொட்டு விடாமல் கூட்டி மண்ணில் புதைத்தாள். நாளுக்கு நாள் அந்தக் கட்டைக்குள்ளிருந்து தேன் நிறத்தில் ரேகைகள் எழும்பி வந்தன. சாய்த்துப் பிடித்தால் அவை அசைந்தன. சத்தியமாக அசைந்தன. மாமா குழாயை அதில் பொருத்திய அன்று நான் எழுந்து நின்றுவிட்டேன். கோயிலில் திரை விலகினால் எழுந்து நிற்போமே, அப்படி. என் மாமாவால் இது முடியும் என்றால் உலகத்தில் எதுதான் முடியாது என்று தோன்றியது. ஆயுதபூஜைக்குக் கலப்பையோடும் அரிவாளோடும் அதை வைத்துக் கும்பிட்டபோது, அத்தைகூட அதன் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டாள்.

வேட்டைக்கு இலக்கணம் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரிக்க ஆரம்பித்திருப்பார்கள். எங்கள் ஊரில் பன்றிக் காவலுக்குப் போகிறவன் சோப்புப் போட்டுக் குளிக்கமாட்டான், பீடி பிடிக்கமாட்டான், நெற்றியில் விபூதிகூட வைக்கமாட்டான். பன்றிக்குக் கண் மட்டம், மூக்கு அபாரம். மாமா இதையெல்லாம் ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தார். கடைப்பிடித்துவிட்டு, மடியில் இரண்டு முழம் சந்தனத்தை வைத்துக்கொண்டு கொல்லைக் காவல் பரணில் உட்கார்ந்தார். பன்றிகள் கொல்லை ஓரம் வரை வந்தன, உறுமின, திரும்பிப் போயின. அக்கம்பக்கத்துச் சாமையெல்லாம் உழுது போட்டது போல ஆனபோது எங்கள் கதிர் ஒன்றுகூட மடங்கவில்லை. ஊர் முதலில் சிரித்தது. பிறகு, "ஒரு நாளைக்கு எங்க கொல்லையாண்ட வந்து குந்தேன்" என்று மாமாவைக் கெஞ்சியது. அவரும் போனார். சந்தனம் என்று தெரிந்தும் ஊரே வாயை மூடிக்கொண்டது, மூக்கைத்தான் மூட முடியவில்லை.

அறுவடை முடிந்த கையோடு தேர்தல் வந்தது. லைசன்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் மறுநாளுக்குள் அடிவாரத்துப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார். பழைய கட்டையை அத்தை எப்போதோ வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டாள். புதிது செய்ய நேரம் இல்லை. காட்டு வழியாகத் துப்பாக்கியோடு இறங்கினால் வேட்டைக்காரன் என்று பிடிப்பார்கள். பஸ்ஸில் போனால் வனத்துறைச் செக்போஸ்ட். அந்தச் செக்போஸ்ட்டில் இருந்த ஃபாரஸ்ட் கார்டுக்கு மலை முழுக்க மூக்குக்காரர் என்றே பெயர். ஒருமுறை லாரி நிறையப் புளி மூட்டை, நடு மூட்டைக்குள் விரல் நீளச் சந்தனத் துண்டு. லாரியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு அந்த மூட்டையை மட்டும் இறக்கச் சொன்னவர் அவர்.

யோசனை சொன்னது அம்மா. சந்தையில் வாங்கிவந்த நெத்திலிக் கருவாட்டை ஊறவைத்து அரைத்து, கட்டை முழுக்கப் பூசினாள். ஒரு மழைக்காலம் முழுக்க நீவிய மரத்தின் மேல் அந்தச் சாம்பல் நிறக் கூழ் வழிவதைப் பார்க்கச் சகிக்காமல் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மீதிக் கருவாட்டைச் சுற்றி வைத்துச் சாக்கில் கட்டினார்கள். சின்னப் பிள்ளையோடு போகிறவனைச் சந்தேகப்படமாட்டார்கள் என்று என்னையும் அனுப்பச் சொன்னது அத்தை. இத்தனை யோசித்தவர்கள், வாயைத் திறக்காதே என்று என்னிடம் சொல்ல மறந்துபோனார்கள்.

காவலூரில், நட்சத்திரம் பார்க்கும் வான்நோக்கிக் கட்டடத்தின் வெள்ளைக் கும்மட்டத்துக்குக் கீழே பஸ் ஏறினோம். எங்களைச் சுற்றி இருந்த இருக்கைகள் தானாகவே காலியாயின. செக்போஸ்ட்டில் எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். குடிசைக்குள் ரேஞ்சர் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். வெளியே மூக்குக்காரர். நான் கழுகு மூக்கோடு ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். அவருக்கோ சப்பை மூக்கு.

மாமா லைசன்ஸைக் காட்டினார். கார்டு சாக்கைப் பிரித்தார், கருவாட்டை விலக்கினார், துப்பாக்கியை வெளியே எடுத்துத் துண்டால் ஒரு துடைப்புத் துடைத்தார். அதை வெயிலில் சாய்த்துப் பிடித்தார். கட்டைவிரலால் அந்தப் பாய் பின்னல் கோடுகளை மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். மாமாவின் கை என் கையைப் பிடித்திருந்தது.

"யார் செஞ்சது இது?"

"நாந்தாங்க" என்றார் மாமா.

கார்டு என்னைப் பார்த்தார். "ஏம் பாப்பா, உங்க மாமா இதுல எத்தினி பன்னி சுட்டாரு?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒண்ணுகூட இல்ல. இதோட வாசனைக்குப் பன்னியே வர்றதில்ல!" என்று உரக்கச் சொன்னேன்.

பஸ்ஸில் சாய்ந்து நின்றவர்களின் பேச்சு நின்றது. மாமாவின் பிடி என் விரல்களை நெரித்தது. குடிசைக்குள் எழுதிக்கொண்டிருந்த பேனாவும் நின்றது.

"இன்னாய்யா வாசனை அங்க?" என்றார் ரேஞ்சர் உள்ளிருந்து.

கார்டு மாமாவின் முகத்தைப் பார்த்தார். துப்பாக்கியைப் பார்த்தார். பிறகு குடிசைப் பக்கம் திரும்பி, "கருவாடு சார்! துப்பாக்கி பூரா பூசி வெச்சிக்கீறான். இந்த நாத்தத்துக்குப் பன்னி இன்னா, பேய்கூட வராது!" என்று கத்தினார். பஸ்ஸே சிரித்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எங்கள் துப்பாக்கியைப் பார்த்து நாற்றம் என்பதா? "கருவாடு இல்ல, இது..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் மாமா என் வாயைப் பொத்தி, என்னை அப்படியே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டார். கார்டு துப்பாக்கியைத் தானே சாக்கில் சுற்றி, கருவாட்டை ஒழுங்காகத் திரும்ப வைத்து, ஜன்னல் வழியாக எங்களிடம் நீட்டினார்.

ஸ்டேஷனில் ஒரு தொந்தரவும் இல்லை. எழுதுகிறவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூலையைக் காட்டினார். தேர்தல் முடிந்து அதை எடுத்து வந்தபோது யாரும் கேட்கவில்லை, மலையேறும் வண்டியை எவர் மோந்து பார்க்கிறார்கள்? அந்த வாரமே மாமா குழாய்க்குப் பலாக்கட்டை மாட்டினார். சந்தனக் கட்டை சாமி அறைக்குப் போய், வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அரைபட்டு, ஊரார் நெற்றிகளில் ஏறித் தீர்ந்தது.

ஆனால் அன்றைக்குப் பஸ் கிளம்பும்போது எனக்குக் கோபம் அடங்கவே இல்லை. மாமா சாக்கை மடியில் வைத்துக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தபடி இருந்தார். கண்ணைத் துடைக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. "மாமா, சந்தனத்துக்கும் கருவாட்டுக்கும் வித்தியாசம் தெரியாத இந்த ஆளுக்கா மூக்குக்காரர்னு பேரு வெச்சாங்க?" என்று கேட்டேன்.

ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். கார்டு பாதை ஓரமாக, குடிசைக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். துப்பாக்கியைப் பிடித்திருந்த இரண்டு உள்ளங்கைகளையும் முகத்தோடு சேர்த்து வைத்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டிருந்தார். கருவாட்டு நாற்றத்தைப் போய் இப்படி ரசிக்கிறாரே, பைத்தியக்கார மனிதர் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.