மூன்றாவது காரணம்

புனேயில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வசதியான மனிதர்கள் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு முப்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிறார்கள். எதையும் வாங்காமல், யாரையும் பார்க்காமல் திரும்பி வருகிறார்கள். நம் ஊரில் சைக்கிள் என்றால் பின்னால் ஏதாவது இருக்கும்: பால் கேன், அரிசி மூட்டை, தங்கச்சி. இங்கே விலை கூடிய சைக்கிள்களுக்குக் கேரியரே கிடையாது. தொண்ணூறுகளின் கடைசியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காகப் புனேயின் கட்கிப் பகுதிக்கு வந்த நான், சில வருடங்களில் அந்தக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டேன். விருத்தாசலத்திலிருந்து அம்மா போனில் கேட்டாள்: "அம்மாந் தூரம் மிதிச்சிட்டு வெறுங்கையோடவா திரும்பி வர்ற?"

நாங்கள் போகும் பாதை ஒரு காலத்தில் ரயில் பாதை. கல் குவாரிக்குப் போன கிளைத்தடம் அது. குவாரியை மூடியதும் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு, ஜல்லியின் மேலேயே தார் போட்டுவிட்டார்கள். ரயில் செங்குத்தாக ஏறாது என்பதால் அந்தத் தடத்தில் மேடு தெரியாது. நம் பாட்டுக்கு மிதித்துக்கொண்டே இருந்தால் போதும், திரும்பிப் பார்க்கும்போது ஊர் கீழே கிடக்கும். கரும்பாறையை வெட்டிய பள்ளத்துக்குள் நுழைந்தால் மழைக்காலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர் வழியும். வெளியே வந்தால் சோளக்கொல்லை, ஓடையின் மேல் கல்பாலம், ஈர வயலில் கொக்குகள். லாரி இல்லை, ஹாரன் இல்லை. அந்தப் பாதையின் மேல் எனக்குப் பைத்தியமே பிடித்திருந்தது. இதை ஒத்துக்கொள்ளாமல் மிச்சத்தைச் சொன்னால் நான் நல்லவன் போலத் தெரிந்துவிடுவேன்.

பாதி வழியில், முன்பு லெவல் கிராசிங் இருந்த இடத்தில், கேட்மேனுக்குக் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை. கேட்மேன் இறந்து பல காலம் ஆகியிருந்தது. அவர் மனைவி பார்வதி அக்கா மகளோடு அங்கேயே தங்கி, முன்னால் தகரச் சாய்ப்பு இறக்கி, டீயும் வடாபாவும் விற்றார். முதல் நாள் ஹிந்தியில்தான் டீ கேட்டேன். கண்ணாடித் தம்ளரை வாங்கியதும் வாய் தவறி "அம்மாடி, என்னா சூடு" என்றுவிட்டேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"தமிழா? நாங்களும் தமிழ்தான் தம்பி. எங்க தாத்தா ஆர்க்காட்டுப் பக்கம், இங்க ஃபேக்டரிக்கு வந்தவரு. பேசுவோம். லிக்னா பட்னா மட்டும் மாலூம் இல்ல."

தமிழ் எழுதப் படிக்கத்தான் தெரியாதாம். அன்றிலிருந்து என் டீயில் மட்டும் இஞ்சி அதிகம்.

எங்கள் சைக்கிள் கூட்டத்துக்குப் பெரியவர் தேஷ்பாண்டே, ஓய்வுபெற்ற இன்ஜினியர்; எல்லோருக்கும் காகா, மராத்தியில் சித்தப்பா. பாதையில் டெம்போக்கள் நுழைய ஆரம்பித்ததும், அந்த நிலத்துக்கு உரிமையுள்ள இலாகாவுக்கு மனு கொடுக்க வேண்டும் என்றார். "மதராசி லோக் கா டிராஃப்டிங் ஏக்தம் பக்கா ஹோதா ஹை" என்று என்னைப் பார்த்தார். மதராசிகள் எழுதினால் பிசகே இருக்காதாம். எனக்குத் தலை கால் புரியவில்லை. ஊரைவிட்டு வந்து இத்தனை வருடத்தில் ஒரு மராத்திக்காரர் என்னை ஒரு காரியத்துக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அன்றே ஆங்கிலத்தில் எழுதினேன். ஒன்று, டெம்போக்களைத் தடுக்க இரும்புத் தடுப்பு வேண்டும். இரண்டு, கல்பாலத்துக்குக் கைப்பிடி வேண்டும். எங்கள் ஆபீஸ் பழக்கத்தில் மனு என்றால் மூன்று காரணம் இருக்க வேண்டும், இரண்டோடு நிறுத்தினால் மொட்டையாக இருக்கும். மூன்றாவதாக, கை பழகிய வாக்கியம் ஒன்றைச் சேர்த்தேன்: 'மேற்படி தடத்தை ஒட்டி அனுமதியின்றி அமைந்துள்ள கட்டுமானங்கள் அகற்றப்பட வேண்டும்.' சத்தியமாகச் சொல்கிறேன், எழுதும்போது எந்தக் கட்டுமானமும் என் மனதில் இல்லை. காகா படித்துவிட்டு முதுகில் தட்டினார். அவர் கையெழுத்துக்குக் கீழே நானும் போட்டேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அக்கா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு ஒரு காகிதத்தை நீட்டினார்.

"மராட்டின்னா பொண்ணு வாசிச்சிருப்பா. இது இங்கிலீஷ். என்னா எழுதியிருக்கு?"

படித்தேன். இரண்டாவது பத்தியில் என் வாக்கியம் இருந்தது, ஒரு எழுத்து மாறாமல்.

"காலி பண்ணச் சொல்றாங்க அக்கா."

"யாராச்சும் கம்ப்ளெயின்ட் குடுத்தாங்களா?"

"பேரு போடல."

நான் சொன்னது பொய் இல்லை. நோட்டீஸில் பெயர் இல்லைதான். அந்த உண்மையைப் போல அசிங்கமான ஒன்றை நான் வேறெப்போதும் பேசியதில்லை.

"நல்ல வேள, நீங்க இருக்கீங்க. நம்ம ஆளு. பதில் எழுதிக் குடுங்க தம்பி" என்றார் அக்கா.

விருத்தாசலத்தில் எங்கள் வீடும் ஏரிப் புறம்போக்கில்தான் இருந்தது. நோட்டீஸ் வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை. அதை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெருவில் இருந்த தபால் ஆபீஸ் கிளார்க் ஒருவர் மனு எழுதித் தந்தார். அப்பாவின் கைநாட்டுக்குக் கீழே, யாரும் கேட்காமலே, சாட்சி என்று போட்டுத் தன் பெயரையும் எழுதினார். "அரசாங்க வேலையில இருக்கீங்களே சாமி" என்று அம்மா பதறினாள். "இருந்தா என்னா?" என்றார் அவர். அந்த வீட்டில் இருந்துதான் நான் படித்தேன், அந்தப் படிப்பை வைத்துத்தான் புனேக்கு வந்தேன்.

அக்காவுக்கு மூன்று காரணங்களோடு எழுதினேன். நன்றாகவே வந்தது. அக்கா மராத்தி எழுத்தில் தன் பெயரை மட்டும் மெதுவாகப் போட்டுவிட்டு, "நீங்களும் ஒரு சைன் போடுங்களேன். படிச்சவங்க பேரு இருந்தா மதிப்பாங்க" என்றார்.

"அரசாங்க ஊழியர் போடக்கூடாது அக்கா" என்றேன். அக்கா உடனே நம்பினார். காகா கண்ணில் பட்டுவிடுமே என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

அடுத்த ஞாயிறு காகாவிடம் ஜாடையாக, அந்த டீக்கடை போய்விடும் போலிருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்கு டீயைப் பற்றிய கவலையாகத்தான் பட்டது. "சிந்தா மத் கரோ, தர்மாஸ் லே ஆயேங்கே" என்றார். பிளாஸ்கில் கொண்டுவந்துவிடலாமாம். நானும் சிரித்துவைத்தேன்.

அந்த அறை இப்போது இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்கா புனேயிலேயே கோர்படியில், மகள் கட்டிக்கொண்டு போன வீட்டில் இருக்கிறார். பாதை முன்னைவிட அழகாகத்தான் இருக்கிறது. ஊரிலிருந்து வருகிறவர்களிடம் போய்ப் பாருங்கள் என்று நானே சொல்கிறேன். ஆனால் என்னைத் தூங்கவிடாதது இடித்த நாள் அல்ல. அக்காவின் மனுவைக் கொடுக்கப் போன நாள்.

தபாலில் போட மனம் வராமல் அரைநாள் லீவு போட்டுவிட்டு அந்த இலாகா ஆபீஸுக்கு நானே போனேன். குமாஸ்தா என் வயதுக்காரர், மராத்திக்காரர். கோப்பைப் பிரித்து, அக்காவின் மனுவை வைக்கப்போனவர் நின்றார். கீழே சைக்கிள்காரர்களின் மனு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே சாய்வு, ஒரே நீல மை.

"இரண்டும் ஒரே கை எழுதியது போலிருக்கிறதே. இதில் உங்களுடையது எது, சாஹேப்?" என்று ஹிந்தியில் கேட்டார். குத்திக்காட்டவில்லை. கோப்பில் குறித்துக்கொள்ளத்தான் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே இரண்டு காகிதத்தின் அடியையும் பார்த்தார். அக்காவின் மனுவில் அக்கா பெயர் மட்டும் இருந்தது. மற்றதில் விரலை ஓட்டிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நிறுத்தி, என் பெயரைத் தட்டுத்தடுமாறி வாசித்தார். தமிழ்ப் பெயர், அவர் வாயில் நுழையவில்லை.

"இதுதானே?" என்றார்.

என் பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. அக்காவின் பெயருக்குக் கீழே அரை அங்குலம் இடமும் இருந்தது. "ஆமாம்" என்றேன். அவர் சைக்கிள்காரர்களின் மனுவை மேலே வைத்துக் கோப்பைக் கட்டினார்.