தண்ணீர் கலக்காத பால்

திருவொற்றியூரில், சாத்தாங்காட்டு இரும்புக் கடைகளின் சத்தம் எட்டும் தூரத்தில் மூன்று மாடு வைத்திருக்கும் தாயம்மாவிடம் பால் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பாலுக்கு முன்னால் ஒரு பிரசங்கம் ஊற்றுவாள்.

"கண்ணு முன்னாடி கறக்குறேன், பாத்துக்கோ. ஒரு சொட்டு தண்ணி கீதுன்னு எவனாவது சொல்லட்டும், மாட்டை வித்துட்டுப் பூடுறேன்."

யாரும் சொன்னதில்லை. உண்மையிலேயே அவள் கலப்பதில்லை. அந்த ஒரு பெருமையை வைத்துக்கொண்டு தெருவில் அவள் செய்த அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல.

அதிகம் மாட்டிக்கொண்டவன் பக்கத்துத் தெரு மொஹ்சின். அவனுக்கும் இரண்டு மாடு. அவன் கலப்பான், அதை மறைக்கவும் மாட்டான்.

"இன்னாடா மொஹ்சினு, இன்னிக்கு மாடு கறந்துச்சா, கொழாய் கறந்துச்சா?" என்பாள் தாயம்மா.

"ரெண்டும் சேந்துதான் கறந்துச்சுக்கா" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

போன மழையில் வெள்ளம் புகுந்து, ஒரு கிடங்கில் மக்காச்சோள மூட்டைகள் நனைந்தன. அங்கே லோடு ஏற்றுகிற ரகுபதி, தாயம்மாவின் புருஷன், சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வண்டி நிறையக் கொண்டுவந்து இறக்கினான். மொஹ்சினையும் கேட்டான். அவனோ சும்மா கொடுத்தாலும் வண்டி வாடகைக்கு யோசிக்கிற கஞ்சன். தவிடும் வைக்கோலுமே போதும் என்றுவிட்டான்.

மூட்டையைப் பிரித்தால் பச்சைப்பசேலென்று பூஞ்சை. மாடுதானே என்று அப்படியே அள்ளிக் கொட்டுகிற ஜாதி இல்லை தாயம்மா. உப்புத் தண்ணீரில் அலசி, கையால் தேய்த்து, மொட்டை மாடியில் காயவைத்து, அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினாள். மாடுகளில் மூத்ததான செவலை முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

"திமிரு புடிச்ச கய்தே!" என்று திட்டியவள், வெல்லத்தைத் தட்டிப் போட்டுக் கலக்கினாள். செவலை தொட்டியை நக்கித் தீர்த்தது. ஒரு மாட்டுக்கு இருந்த புத்தியை வெல்லம் போட்டுக் கெடுத்த பெருமையும் அவளையே சேரும்.

எதிர்வீட்டு கிறிஸ்டினாவின் மகள் ரூத் குறைமாதத்தில் பிறந்தவள். இப்போதுதான் தத்தித் தத்தி ஓடுகிறாள். பிள்ளையில்லாத தாயம்மாவுக்கு அந்தக் குழந்தை மேல் உயிர். செவலையின் பாலைத் தனியாக ஒரு சொம்பில் கறந்து ரூத்துக்கென்று எடுத்து வைப்பாள். "கஞ்சி நல்லா துன்ற மாடு. இந்தப் பாலு குட்ச்சாத்தான் புள்ளை தேறும்" என்பாள்.

கொஞ்ச நாளில் செவலை தீனியில் வாய் வைக்கவில்லை, பாலும் குறைந்தது. கால்நடை டாக்டர் ஷைனி வந்தார். மாட்டைப் பார்த்த நேரத்தைவிட மூட்டைகளைப் பார்த்த நேரம்தான் அதிகம். மூன்று மாடுகளின் பாலையும் பரிசோதனைக்கு எடுத்தார், போகிற வழியில் ஒப்பிட்டுப் பார்க்க மொஹ்சினின் பாலையும் எடுத்துக்கொண்டார். முடிவு தெரிந்ததும் அவரே நேரில் வந்தார்.

"உங்க பால்ல பூஞ்சை விஷம் அளவுக்கு மேல இருக்கும்மா."

"சோளத்தைக் கொதிக்க வெச்சேனே டாக்டரம்மா!"

"பூஞ்சை செத்திருக்கும். அது விட்டுட்டுப் போன விஷம் சூட்டுக்கு அசையாது. மாடு தின்னா பால்ல வந்துடும்."

"மொஹ்சினு பாலு?"

"பாதி தண்ணி. ஆனா விஷம் இல்ல."

தாயம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ரூத்தின் ஞாபகம் வந்ததும் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு கொழந்த குட்ச்சுதும்மா. தெனம் குட்ச்சுது."

"உடனே நிறுத்துங்க. ஆஸ்பத்திரியில காட்டச் சொல்லுங்க. சோளத்தை நிறுத்தினா சில நாள்ல பால் சரியாயிடும். அதுவரைக்கும் கறந்து கொட்டிடுங்க."

நுரை அடங்காத பாலைத் தாயம்மா சாக்கடையில் ஊற்றினாள். பால் வாங்க வந்தவர்களிடம் காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். பிறகு எதிர்வீட்டுக்குப் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள். கிறிஸ்டினா சத்தம் போடவில்லை, சண்டைக்கு வரவில்லை. "ஆண்ட்டி, உங்களுதுதான ப்யூர் பாலு?" என்று மட்டும் கேட்டாள். நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தாயம்மாவுக்கு.

ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பார்த்துவிட்டு, இப்போதைக்குப் பயமில்லை, கொஞ்ச காலம் கவனித்துவர வேண்டும் என்றார்கள். மறுநாள் காலையில் ரூத்தின் சொம்பை எடுத்துக்கொண்டு தாயம்மா மொஹ்சின் வீட்டு வாசலில், வரிசையின் கடைசியில் போய் நின்றாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"இன்னாக்கா, நீயே வந்துகீறே? உன் பாலுக்கு இன்னா ஆச்சு?"

"நான் ஒண்ணும் கலக்கலடா. மாட்டுக்கு வெசத்தை வெல்லம் போட்டு ஊட்டிட்டேன். ரூத்துக்கு வோணும், ஊத்து."

இத்தனை நாள் வாங்கிய ஏச்சுக்கெல்லாம் வட்டியோடு திருப்பிக்கொடுக்க அவனுக்கு நல்ல சந்தர்ப்பம். அவன் சிரிக்கக்கூட இல்லை. சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனான், மாட்டு மடியிலிருந்து நேராகக் கறந்து கொண்டுவந்தான்.

"தண்ணி ஊத்தலக்கா. புள்ளைக்குத்தானே."

தாயம்மா சொம்புக்குள் பார்த்தாள். வெள்ளையாக, கெட்டியாக, நுரையோடு இருந்தது. அவள் இத்தனை நாள் ரூத்துக்குக் கொடுத்ததும் பார்வைக்கு இப்படியேதான் இருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீரைப் பற்றித் தவிர வேறெதையும் கேட்டறியாத வாய், அன்றைக்குத்தான் அதைக் கேட்டது.

"மொஹ்சினு, உன் மாடு நேத்து இன்னா துன்னுச்சு?"