எழுந்திருக்கச் சொன்ன இடம்

போன வருடம் பொங்கல் முடிந்த வாரம், காரைக்கால் கடற்கரையில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. யார் மேல் என்பதுதான் இடையில் மாறிவிட்டது.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. என் தோழி, முப்பது வருடமாக என் வாசலில் அன்னக்கூடையை இறக்கி மீன் விற்பவள். ஆரம்பத்தில் வெறும் வியாபாரம்தான். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீன்கூட வாங்கமாட்டேன். டீச்சர் பரீட்சை வைக்கிறாங்க என்று தெருவுக்கே கேட்கும்படி கிண்டல் செய்வாள். பத்து வருடத்துக்கு முன் என் கணவர் இறந்தபின், ஒருத்திக்கு எதற்கு மீன், இனி வரவேண்டாம் என்றேன். அவள் படியில் உட்கார்ந்து நாலு சங்கராவை ஆய்ந்து வைத்துவிட்டு, போய்ப் புளியைக் கரைக்கும்படி என்னை அடுப்படிக்கு விரட்டினாள். அவளும் தனிக்கட்டைதான். எங்கள் சிநேகம் அன்றுதான் தொடங்கியது.

இருவருக்கும் மூட்டுவலி. மணலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் தேட வேண்டும். அதனால் சாயங்காலமானால் கடற்கரைச் சாலையில் ஒரு சிமெண்ட் பெஞ்சு எங்களுக்கு. முன்பு எதுவரை மணல் இருந்தது, எங்கே வலை காயும், எந்த மூலையில் சுண்டல்காரர் நிற்பார் என்று பழைய ஊரைப் பேசுவோம். இப்போது அங்கெல்லாம் கலர் விளக்கும் ஐஸ்கிரீம் வண்டியும்தான்.

அன்று அவள் விற்று முடித்த கூடையோடு நேராக அங்கேயே வந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு போட்டோக்காரர் வந்தார். அவர் பின்னாலேயே கல்யாணம் ஆகப்போகும் ஜோடி. பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவர் என் தோழியை ஏறிட்டும் பார்க்கவில்லை. என்னிடம்தான் பேசினார்.

"ஆன்ட்டி, நீங்க உக்காந்துக்கங்க, பரவால்ல. இவங்கள மட்டும் கூடையோட அந்தப் பக்கம் போகச் சொல்லுங்க. வாடை தாங்கல."

எனக்கு வந்ததே கோபம். மூட்டுவலி போன இடம் தெரியவில்லை.

"தம்பி, கடல் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா? இவ பொறந்து வளந்த கரை இது. இவள எழுந்திரிக்கச் சொல்ல நீங்க யாரு?"

வகுப்பறைக் குரல் இன்னும் போகவில்லை. கூட்டம் கூடிவிட்டது. அவர் முணுமுணுத்துக்கொண்டே ஜோடியை அழைத்துக்கொண்டு நகர்ந்தார். ஜெயித்த திமிரில் நான் இன்னும் கத்திக்கொண்டிருந்தேன். தோழி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க டீச்சர். இந்த எடத்துலேருந்து என்னை எழுப்புறது ஒண்ணும் புதுசு இல்ல."

அவள் சொல்லித்தான் தெரிந்தது. பெஞ்சு இருக்கும் அதே இடத்தில்தான் அவளும் இன்னும் சில பெண்களும் கருவாடு காயவைத்தார்களாம். பதினைந்து வருடத்துக்கு முன், நாற்றமும் ஈயும் தாங்கவில்லை என்று தெருக்காரர்கள் மனு கொடுக்க, நகராட்சி ஆட்கள் வந்து அள்ளிக்கொண்டு போகச் சொன்னார்களாம். மழை பெய்ததைச் சொல்வதுபோல் சொன்னாள்.

அந்த மனுவை எழுதியவள் நான். டீச்சர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று தெருவில் என்னை எழுதித் தரச் சொன்னார்கள். பொதுமக்கள் நலன் கருதி என்று தொடங்கி, முழுதாக இரண்டு பக்கம் எழுதினேன். எழுதியதில் பெருமைகூட உண்டு. தினமும் என் வாசலுக்கு வருகிறவளின் கருவாடாக அது இருக்கலாம் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. படித்தவளாம் நான்.

மறைக்க மனம் வரவில்லை. எழுதியது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும் டீச்சர். எங்களுக்குப் படிச்சுக் காமிச்சாங்க. மொதக் கையெழுத்தே உங்களுதுதான்."

அதற்குப் பிறகும் எப்படி என் வீட்டுக்கு வந்தாய் என்று கேட்டேன்.

"வாடிக்கைய விட முடியுமா? ஆனா அந்த வருசம் தவக்காலம் நாப்பது நாளும் உங்களுக்கு நேத்து மீனத்தான் குடுத்தேன். நீங்களும் செவுளத் தூக்கித் தூக்கிப் பாத்துத்தான் வாங்குனீங்க."

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தப் போட்டோக்காரர் அவளைக் கொஞ்சம் தள்ளிப் போகத்தான் சொன்னார். நான் பிழைப்பையே அள்ளிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன், அதுவும் ஒரு பிழைகூட இல்லாத தமிழில்.

இப்போதும் அதே பெஞ்சில்தான் உட்காருகிறோம். அவள் கூடையை நானே வாங்கி எங்கள் நடுவில் வைத்துக்கொள்கிறேன். யாராவது மூக்கைச் சுளித்தால் சண்டைக்கு எழுகிறேன். எழும்போதெல்லாம் அந்த மனுவின் கீழே இருந்த என் அழகான கையெழுத்துதான் முதலில் கண்ணில் வந்து நிற்கிறது.