வலித்தால் கையைத் தூக்கு

எனக்குச் சொத்தைப் பல் வந்தது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மிகவும் வசதியாகப் போயிற்று.

அப்போது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். சித்திக்கு ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளைக்குத் தேவதானப்பட்டி, பல் டாக்டர், கம்பத்தில் புதிதாக மருத்துவமனை வைத்திருந்தார். எங்கள் கூடலூரிலிருந்து கம்பம் ஒன்றும் தூரமில்லை. ஆனால் அவர்கள் முறைப்படி பெண் பார்க்க வருவதற்கு முன்னால் நாங்கள் போய் அங்கே நிற்க முடியாது. பெண் வீட்டார் அலைகிறார்கள் என்று பேச்சாகிவிடும். போகாமல் இருக்கவும் மனம் கேட்கவில்லை. போட்டோவை வைத்துக்கொண்டு மனிதரை எப்படி எடைபோடுவது? இந்தச் சங்கடத்துக்கு நடுவில்தான் என் இடது கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கியது.

"பிள்ளைக்குப் பல்லக் காட்டுற மாதிரி போயி, மாப்பிள்ளையப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார் மாமா. அப்பாவுக்கும் அது பிரமாதமான யோசனையாகத் தெரிந்தது.

மாமா, அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். தாத்தா இல்லாததால் சித்தியின் கல்யாணத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகும் ஜீப் வைத்திருந்தார். மலையேறும் ஜீப்பின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகியவர், வீட்டுக்குள்ளும் அதே குரலில்தான் பேசுவார். நடுவில் யார் என்ன சொன்னாலும் அவர் காதில் விழாது. மதுரையில் மேலே படிக்கிறேன் என்று சித்தி சொன்னதும் அப்படித்தான் விழாமல் போயிற்று. அதற்கு முன் வந்த வரன்கள் வந்ததும் போனதும்கூட அவளைக் கேட்டு நடந்ததில்லை.

ஜீப்பில் போகும்போதே மாமா எனக்குப் பாடம் நடத்தினார். "இந்தா ஆத்தா, நம்ம யாரு, எந்தத் தெருன்னு எதையும் சொல்லிராத. அவுக என்ன கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டு. சரியா?" நான் அங்கேயே தலையாட்டிப் பழகிக்கொண்டேன்.

டாக்டர் ஒல்லியாக இருந்தார், கண்ணாடி போட்டிருந்தார். ஊசி போடுவதற்கு முன் என் இடது கையை மெதுவாகத் தட்டினார்.

"வலிக்காது பாப்பா. அப்படியும் வலிச்சா இந்தக் கையத் தூக்கு. உடனே நிறுத்திருவேன்."

பெரியவர்கள் இப்படி எத்தனையோ சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் மிஷின் ஓடத் தொடங்கியதும், வலிக்கிறதோ இல்லையோ, சோதித்துப் பார்க்கக் கையைத் தூக்கினேன். நின்றுவிட்டது. சற்றுப் பொறுத்து மறுபடியும் தூக்கினேன். மறுபடியும் நின்றது. அவர் சலித்துக்கொள்ளவே இல்லை. எனக்கு அது பெரிய விளையாட்டாக இருந்தது.

அப்பாவும் மாமாவும் அந்த நேரத்தில் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். "பூர்வீகமே தேவதானப்பட்டிதானா?" "தோட்டந்தொரவு எம்புட்டு இருக்கும்?" "கூடப் பொறந்தவக எத்தன பேரு?" முகமூடிக்குள்ளிருந்து டாக்டர் பதில் சொல்லிக்கொண்டே என் பல்லை அடைத்தார். கடைசியில் ஒரு நீலத்தாளை வாய்க்குள் வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு, "எங்கனயாச்சும் உயரமா தட்டுதா? இல்ல, சரியா இருக்கா?" என்று கேட்டார். வாய் மரத்துப்போய், என் நாக்கு எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. மாமா கண்ணை உருட்டினார். நான் தலையாட்டினேன்.

மரமரப்பு போனதும் வலி வந்தது. சும்மா இருந்தால் ஒன்றுமில்லை. சோற்றை மென்றால் சுரீர் என்றது. அம்மா கிராம்பை நசுக்கி வைத்தாள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்க வைத்தாள். ஒரு வாரம் கழிந்தும் குறையவில்லை. அது எங்கள் திராட்சைத் தோட்டத்தில் காய் வெட்டும் சமயம். அப்பா தினமும் சாயங்காலம் ஒரு கொத்தோடு வந்து, "எங்க, கடி பாப்போம்" என்பார். விதை பல்லில் பட்டதும் நான் அழுவேன். அவர் முகம் வாடிவிடும். அவருக்கு அந்த வரன் பிடித்திருந்தது.

மாமா தீர்ப்பே சொல்லிவிட்டார். "கைராசி இல்லாத டாக்டருய்யா. ஒத்தப் பல்ல ஒழுங்கா அடைக்கத் தெரியல. வர்ற ஞாயித்துக்கெழம வேண்டாம்னு சொல்லிவிட்ருவோம்."

திரும்பவும் டாக்டரிடமே போகலாமே என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். போய்க் குறை சொன்னால் நாளைக்கு முகத்தில் எப்படி விழிப்பது என்று மாமா அடக்கிவிட்டார். ஆக, என் பல்லோடு சேர்த்துச் சித்தியின் கல்யாணமும் தொங்கலில் நின்றது.  எனக்குத் தலை வாரிவிடும்போது சித்தி மெல்லக் கேட்டாள்.

"அவுக உங்கிட்ட என்னடி பேசுனாக?"

கையைத் தூக்கிய கதையைச் சொன்னேன்.

"நெசமா நிறுத்துனாகளா?"

"ஆமா சித்தி."

"வலிக்காமயே தூக்குனியே, அப்பவுமா? கோவிச்சுக்கிறல?"

"இல்லையே."

சீப்பு என் தலைமுடிக்குள்ளேயே நின்றுவிட்டது. மறுநாள் தலை வாரும்போதும் அதே கேள்விகளைக் கேட்டாள். அந்தச் சனிக்கிழமை, ரிப்பன் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி என்னைக் கம்பத்துக்குப் பஸ் ஏற்றினாள்.

டாக்டருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. சித்தியையும் தெரிந்திருக்க வேண்டும். போட்டோ இரண்டு பக்கமும்தானே போயிருக்கும். இருவருமே தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கடிக்கும்போது மட்டும்தான் வலிக்கிறதா என்று கேட்டு, நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, விளக்கைத் திருப்பிப் பார்த்தார்.

"அடைச்சது கொஞ்சம் உயரமா நிக்கிது. வாய மூடும்போதெல்லாம் இந்தப் பல்லுதான் முதல்ல அடி வாங்குது. அன்னைக்குக் கேட்டேனே பாப்பா, சரியா இருக்குன்னு தலையாட்டுனியே?"

"மாமாதான் என்ன கேட்டாலும் தலையாட்டச் சொன்னாக."

சித்தி கண்களை இறுக மூடிக்கொண்டாள். டாக்டர் சிரித்துவிட்டார். "அதான பாத்தேன். கூட வந்தவக பல்லப் பத்தி ஒரு வார்த்த கேக்கலயே!" பிறகு சித்தியைப் பார்த்து, "தப்பு எம்மேலதாங்க. மரத்துப்போன வாய்கிட்டப் போயி சரியா இருக்கான்னு கேட்டா என்ன தெரியும்? ரெண்டு நாள் கழிச்சு வரச் சொல்லியிருக்கணும்" என்றார்.

உயரமாக நின்றதை ராவத் தொடங்கினார். இந்த முறை ஊசி இல்லை, வலியும் இல்லை. பற்பசை வாசனையை முகர்ந்துகொண்டு சுகமாகப் படுத்திருந்தேன். என் இடது பக்கம் நின்றிருந்த சித்தி, என் மணிக்கட்டுக்கு அடியில் விரல்களைக் கொடுத்து என் கையைத் தூக்கினாள்.

மிஷின் உடனே நின்றது. "வலிக்குதா பாப்பா?"

இல்லை என்று தலையசைத்தேன். சித்தி சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடி தொடங்கினார். சித்தி மறுபடி தூக்கினாள். இந்த முறை அவர் என் கையையும் அதன் அடியிலிருந்த விரல்களையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கை தானாகக் கீழே இறங்கும்வரை மிஷினைத் தொடாமல் காத்திருந்தார்.

"அடி வாங்குன பல்லு, ஆறக் கொஞ்ச நாளாகும். அதுவரைக்கும் வலது பக்கமா மெல்லட்டும்" என்று சொல்லி அனுப்பினார்.

பஸ்ஸில் நான் கேட்டேன். "எனக்கு வலிக்கவே இல்லையே சித்தி, ஏன் கையத் தூக்கிவிட்ட?"

"சும்மாதான்டி" என்று சொல்லி ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்தாள். வழியெல்லாம் சிரித்த முகமாகவே வந்தாள். ரிப்பன் வாங்க மறந்துபோனது வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் இருவருக்கும் நினைவு வந்தது. அம்மாவிடம் மாட்டிக்கொண்டோம். ஆனால் அம்மா திட்டவில்லை. மாமாவிடம் என்னவோ சாக்குச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை ஒரு வாரம் தள்ளிப்போட வைத்தாள்.

வலி நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது. சித்தி தினமும் காலையில் என் வாயைத் திறந்து பார்த்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு. மாமாவுக்கு எதிரிலேயே உட்கார்ந்து, நல்லி எலும்பை இடது பக்கம் வைத்து நான் கடித்த கடியில் வீடே திரும்பிப் பார்த்தது. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். மாமா கொஞ்சமும் கூசாமல், "நாந்தான் அன்னைக்கே சொன்னேனே, கைராசிக்காரருன்னு" என்றார்.

அந்த மாதமே அவர்கள் பெண் பார்க்க வந்தார்கள். சபை நடுவில் மாமா ஜீப் குரலில், "என்னாத்தா, உனக்குச் சம்மதந்தான?" என்றார். சித்தி தலையாட்டினாள். எங்கள் வீட்டில் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவது வழக்கம் என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையை எப்படியெல்லாம் விசாரித்தோம் என்று அப்பாவும் மாமாவும் கல்யாணப் பந்திவரை பெருமையடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அப்புறம் சித்தியும் ஒரு முறை விசாரித்துவிட்டு வந்திருக்கிறாள், தான் கேட்க வேண்டியதைக் கேட்டுப் பதிலும் வாங்கியிருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. கூடவே போயிருந்த எனக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அன்றைக்கு எனக்கு வலிக்கவே இல்லை என்பதுதான்.