ரோபோவிடம் காரணம் கேட்டவன்

செவிலிமேட்டிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் நின்றபடி, நேற்று பார்த்த விண்வெளிப் படத்தின் மூன்றாம் பாகத்தை நண்பனிடம் போனில் கிழித்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு பாகமா கேப்டன் கூடவே இருந்த ரோபோ, அவரை எதுக்குடா கொல்லுது? ஒரு காரணம் வேணாமா? சாகும்போது அவரு பக்கம் பக்கமா வசனம் வேற!"

முன் சீட்டில் மகளோடு உட்கார்ந்திருந்த அம்மா திரும்பினார்.

"அந்தப் படத்துக்குத்தான்பா போய்க்கினு இருக்கோம்."

கூசிப்போனேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். சமாதானம் சொல்கிறேனாம்:

"கவலப்படாதீங்கமா, கடைசியில கேப்டன் பொழச்சிடுவாரு."

பின்னாலிருந்து வேறு யாரோ, "அட, போச்சுபா!" என்றார்.

அந்த மகள் என்னையே பார்த்தாள். "எதுக்குண்ணா இப்படிப் பண்றீங்க?"

அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி நடந்தேன்.

ரோபோவை விடுங்கள். எனக்கு யாராவது ஒரு காரணம் எழுதிக் கொடுங்கள். வசனம் மட்டும் வேண்டாம்.