கலந்துபோன அரிசி

பெரியம்மாவுக்குப் போட்ட அந்தச் சால்வையை நினைத்தால் இன்றும் எனக்கு எரிகிறது.

கம்பைநல்லூர்ப் பக்கம் எங்கள் ஊர் மாதா கோவிலில் பிடி அரிசி சேர்ப்பார்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துவைத்து, ஞாயிறு பூசைக்குப் பையில் கொண்டுவர வேண்டும். மாதக் கடைசியில் அது இல்லாத வீடுகளுக்குப் போகும். வண்டு விழுந்ததையும் எலிப்புழுக்கை கிடந்ததையும் கூசாமல் கொண்டுவருவார்கள். அதையெல்லாம் புடைத்து, கல் பொறுக்கி, பச்சரிசி, புழுங்கல், ரேஷன் அரிசி என்று தனித்தனியாகக் குவிப்பது அம்மா. சனிக்கிழமை முழுக்கக் கோவில் பின்னறையில் முறத்தோடு கிடப்பாள். அளந்து கொடுக்கும் நாளில் மட்டும் பெரியம்மா பட்டுப்புடவையில் முன்னால் நிற்பார்.

எனக்குப் பத்து வயது. ஒருமுறை பங்குச் சாமியார் எல்லோர் முன்னாலும் பெரியம்மாவுக்குச் சால்வை போட்டார். அம்மாவின் பெயரை யாருமே எடுக்கவில்லை. ஏன் என்று பெரியம்மாவிடமே கேட்டேன்.

“உங்கம்மாளுக்கு நாலு பேரு முன்னால நின்னா காலு நடுங்கும்டி. கல்லு பொறுக்கத்தான் லாயக்கு.”

கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த மாதம், கொடுப்பதற்கு முந்தின நாள், அம்மா தண்ணீர் குடிக்கப் போனபோது மூன்று குவியலையும் வாரி வாரி ஒன்றாகக் கலந்துவிட்டேன். அப்படிக் கலந்ததை உலையில் போட்டால் பாதி குழையும், பாதி வேகாது.

அம்மா வந்து பார்த்தாள்.

“இனிமே நீ இங்க வராத. அவங்களே பொறுக்கட்டும்” என்றேன்.

“நாளைக்கி இதத் திங்கறவங்க உன்ன என்ன பண்ணாங்க?”

அவ்வளவுதான் கேட்டாள். வீட்டுக்குப் போய், அறுவடையில் எங்களுக்கென்று வைத்திருந்த மூட்டையை அப்பாவின் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து கோவிலில் இறக்கினாள். கலந்த அரிசியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

“உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது?” என்று அப்பா கத்தினார். யார் கலந்தது என்று அவள் சொல்லவே இல்லை.

ஒரு மாதத்துக்கு மேல் அந்தச் சோற்றைத் தின்றோம். அடிக்காமல் இப்படிப் பழி வாங்குகிறாள் என்று ஒவ்வொரு வாய்க்கும் மனதுக்குள் அவளைத் திட்டினேன். அவளோ எதிரில் உட்கார்ந்து கல்யாணச் சோறு போல அள்ளிச் சாப்பிட்டாள். சனிக்கிழமை வந்தால் எங்களுக்கு முன்பே எழுந்து தலை சீவிக் கிளம்பினாள். யாரும் அனுப்பாமல், தானாக ஆசைப்பட்டு அவள் போன இடம் அது ஒன்றுதான் என்பது அந்தக் கோபத்தில் எனக்குத் தெரியவில்லை.