அண்ணன் குரல் இருந்த சிம்

அன்று கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் பூக்கடையில் அம்மாவும் நானும் இருந்தோம். அண்ணி இல்லை, தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ரவாங் போயிருந்தார். அண்ணன் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

எங்கள் இணையப்பக்கம் கல்லாவுக்குக் கீழே இருந்த பழைய கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாண மாலைக்கு ஆர்டர் எடுக்கும். மாலை தயாரானதும் வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும். அதற்காக அதில் ஒரு சிம் செருகியிருந்தது, அண்ணன் எடுத்த நம்பர். வீட்டில் காலேஜுக்குப் போனவன் நான் ஒருவன்தான் என்பதால், எல்லாவற்றையும் அமைத்துக்கொடுத்தது நான்.

"டேய் என்ஜினியரு, சிம்முக்கு ரீலோட் போட எனக்கு எங்க ஞாபகம் இருக்கு? உன் பொட்டியே எங்கள திட்டட்டும்லா," என்றார் அண்ணன், அதை அமைத்த நாளில். சிம்மில் காசு தீர்ந்தாலும் நாள் தீர்ந்தாலும் அண்ணி போனுக்குச் செய்தி போகும்படி ஒரு வரி சேர்த்தேன். 'மொதலாளியம்மா, காசு போடுங்க.' அதைப் படித்துவிட்டு அண்ணன் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரரே எட்டிப் பார்த்தார்.

பூக்களின் ஈரம் அந்தக் கம்ப்யூட்டரைத் தின்றுவிட்டது. அன்று புதிது வாங்கி, பழையதில் இருந்த அமைப்புகளை ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து மாற்றினேன். இப்போது எல்லாரும் வாட்ஸ்அப்தானே, எஸ்எம்எஸ் எதற்கு? அந்தப் பகுதியை மட்டும், அதிலிருந்த திட்டும் வரியோடு, புதிதில் சேர்க்காமல் விட்டுவிட்டேன். தேவையில்லாத வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றுதான் படித்திருந்தேன். சிம்மைக் கழற்றி, நூல்கண்டு கிடந்த இழுப்பு லாச்சியில் போட்டேன்.

"வேலை செய்யுதாப்பா?" வாழைநாரைக் கிழித்துக்கொண்டே அம்மா கேட்டார்.

"முன்னைக்கு இப்ப வேகம்மா."

அந்த நம்பரைக் கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை. கொஞ்ச நேரம் மணியடித்துவிட்டு, அண்ணன் என்றோ பதிந்துவைத்த குரல் வரும்: "வணக்கம் பாஸ், மாலை கட்டிட்டிருக்கேன், கையெல்லாம் ஈரம். பேரச் சொல்லுங்க, கூப்பிடுறேன்." கிள்ளானிலிருந்து கடைக்கு வரும் ரயிலில் அண்ணி சில நாள் அதைக் கேட்டுக்கொண்டு வருவாராம். யாரிடமும் சொன்னதில்லை. பெட்டி திட்டினால் ரீலோட் போடுவார்.

பெட்டி திட்டவில்லை. காசும் நாளும் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து ஒரு காலை கடைக்குள் வந்தவர் தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை. "தம்பி, அவரு நம்பரு இல்லேங்குது. மலாய்ல ஒரு பொண்ணு சொல்லுது."

"கடை நம்பரா அண்ணி? அத எதுக்குக் கூப்பிட்டீங்க?"

ரயிலில் அந்தக் குரலைக் கேட்பதை அவர் சொன்னார். நான் லாச்சியைத் திறந்தேன்.

சிம்மை எடுத்துக்கொண்டு போன் கம்பெனி கவுன்டருக்குப் போனோம். அங்கிருந்த பையன் பார்த்துவிட்டு, "லேட் ஆயிருச்சு அக்கா. நம்பர் போனா வாய்ஸும் போயிரும். புது நம்பர் எடுக்குறீங்களா? நல்ல பிளான் இருக்கு," என்றான்.

"வேணாம் தம்பி."

திரும்பி நடக்கும்போது அண்ணி ஒன்றுதான் கேட்டார்.

"நேரத்துக்குப் போட்டிருந்தா எவ்வளவு ஆயிருக்கும்?"

"பத்து ரிங்கிட், அண்ணி."